இரும்புப் பாதி அப்பாவுக்கு

பிறந்தநாள் விழாவில் ரிட்டர்ன் கிஃப்டாகக் கலரிங் புத்தகம் கொடுக்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு என்றைக்குமே பெரிய நம்பிக்கை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமையோடு இருந்ததும் போய்விட்டது. என் மகள் கொண்டுவந்த பையில் ஒரு சாக்லேட், ஒரு விசில், ஒரு பெட்டி கிரேயான், ஒரு சூப்பர் ஹீரோ கலரிங் புத்தகம். சாக்லேட் லிஃப்ட் வருவதற்குள் தீர்ந்தது. விசிலை அவள் அம்மா பிடுங்கிப் பரணில் போட்டாள். மிஞ்சியது புத்தகம். பையை நீட்டும்போது அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரிகிறது. புத்தகத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

‘நான்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு லட்சணமும் எனக்குத் தெரியும்.

ஹீரோக்களால் ஒரு தொந்தரவும் இல்லை. சூப்பர்மேன் என்றால் நீலம், சிவப்பு, நெஞ்சில் கொஞ்சம் மஞ்சள். கோட்டைத் தாண்டிப் போனாலும் அங்கி காற்றில் பறக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஸ்பைடர்மேன் உடம்பு முழுக்க வலைதான், ஆனாலும் யாரும் கட்டம் கட்டமாக அடிப்பதில்லை. சிவப்பை ஒரே இழுப்பாக இழுத்தால் வலை தானாகத் தெரியும். நல்லவர்கள் அத்தனை பேரையும் அவள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். அதற்கு அடுத்த பக்கத்தில் நின்றான் அவன்.

தொந்தி, சோடாபுட்டிக் கண்ணாடி, சட்டியைக் கவிழ்த்து வெட்டிய கிராப்பு. இது மனிதன். முதுகிலிருந்து புறப்பட்டு வளைந்து நெளிந்து பக்கத்தின் மூலை முடுக்கெல்லாம் போகிற கைகள். இது இயந்திரம். பெயர் போடவில்லை. காப்பிரைட் பயமாக இருக்கும். அதே பயத்தில் ஒரிஜினலுக்கு நான்கு இரும்புக் கை என்றால் இவனுக்கு ஐந்து வைத்திருந்தார்கள். நெஞ்சில் டார்த் வேடரின் பட்டன் பலகை வேறு. நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் ‘எங்கள் ஆள் வேறு, எண்ணிப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஐந்தாவது கைக்குக் கலர் அடிக்கப் போவது யார் என்று மட்டும் எந்த வக்கீலும் யோசிக்கவில்லை.

ஒரிஜினல் ஆளை உங்களுக்குத் தெரியும். டாக்டர் ஆக்டோபஸ். 1963இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ மூன்றாவது இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பெற்றுவிட்ட பிள்ளை. இயற்பெயர் ஓட்டோ ஆக்டேவியஸ். கதிரியக்கப் பொருள்களை எட்ட நின்று கையாள நான்கு இரும்புக் கைகளைச் செய்து உடம்பில் மாட்டிக்கொண்ட விஞ்ஞானி. ஆய்வகத்தில் ஒரு வெடிப்பு, கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன, மனிதர் வில்லனாகிவிட்டார். 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தில் ஆல்ஃபிரட் மொலினா இந்த வேடத்தில் நடித்தபோது அந்தக் கைகளை ஆட்டிவைக்கப் பொம்மலாட்டக்காரர்களை அமர்த்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான்.

மகள் முகத்துக்குப் பிரவுன் அடித்தாள். ஓட்டோ ஆக்டேவியஸ் பார்ப்பதற்கு எனக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்த சார் மாதிரி ஆகிவிட்டார். பிறகு புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

“மனுஷன் நான் பண்ணிட்டேன்ப்பா. மெஷின் நீ பண்ணு.”

எல்லா வீட்டிலும் இதே பாகப்பிரிவினைதான் என்று நினைக்கிறேன். சதை பிள்ளைக்கு, இரும்பு அப்பனுக்கு.

“கேப் விடாம அடிக்கணும். ஒயிட் தெரியக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.”

ஒரு கையை மட்டும் உற்றுப் பார்த்தேன். வளையத்துக்கு மேல் வளையம். இரண்டு வளையத்துக்கு நடுவில் ஒரு மெல்லிய பட்டை. பட்டையில் இரண்டு திருகாணி. திருகாணித் தலையில், வெட்கமே இல்லாமல், ஒரு கோடு. நுனியில் மூன்று விரல் கொடுக்கு, அதன் உள்பக்கம் ரம்பம் மாதிரி பல். இதை வரைந்த புண்ணியவான் குழந்தைகளுக்குப் படம் போட்டாரா, லேத் பட்டறைக்கு டிராயிங் போட்டாரா தெரியவில்லை. திருகாணியின் தலை எள்ளளவு. என் கையில் இருக்கும் கிரேயானோ சுண்டுவிரல் பருமன்.

இந்தப் பாதி மனிதன், பாதி இயந்திரம் ஆசாமிகளை எடுத்தவுடன் வில்லன் ஆக்கிவிடுகிறார்களே, அது ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் சாம்பல் நிறத்தைப் பற்றி இரண்டே வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் சாம்பல் நிறம் இல்லை.

பிங்க் இரண்டு இருந்தது. யாருக்கு எதற்கென்று தெரியாத ஒரு பீச் இருந்தது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே பிறந்து இரண்டு பக்கமும் உரிமை கோராத ஒன்று இருந்தது. இரும்பு மனிதர்களை அச்சடித்த புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்த பெட்டியில் இரும்பின் நிறம் மட்டும் இல்லை. கறுப்பை லேசாகத் தேய்த்தால் சாம்பல் வரும் என்பது டிராயிங் மாஸ்டர்கள் தலைமுறை தலைமுறையாகப் பரப்பிவரும் வதந்தி. இந்த மலிவு மெழுகில் லேசாகத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வரும், நடுநடுவே ஒயிட் தெரியும், மிஸ் நினைவுக்கு வருவார். அழுத்தித் தேய்த்தால் வெறும் கறுப்பு. அது உள்ளங்கை ஓரத்தில் ஒட்டி, அங்கிருந்து ஓட்டோவின் கன்னத்துக்குப் போய், அவருக்கு ஒரு வாரத் தாடி முளைத்தது. சரி, கறுப்புக்கு மேல் வெள்ளையைத் தேய்த்துப் பார்ப்போம் என்றால், வெள்ளைக் கிரேயான் என்கிற அந்தப் பரம சாது தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலைக்குக் கூப்பிடப்பட்ட பதற்றத்தில், கறுப்பை முழுக்கத் தன் மூக்கில் அப்பிக்கொண்டு வந்துவிட்டது. பென்சிலால் தீட்டலாமே என்றேன். நல்ல யோசனை, பளபளப்பும் கிடைக்கும். “பென்சில் கலர் இல்லப்பா” என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு அவள் அம்மாவிடம் போனேன். அங்கும் அதே தீர்ப்பு.

பக்கத்து ஃபிளாட் பையனிடம் பெரிய பெட்டி இருக்கிறது. தங்கமும் வெள்ளியும் உள்ள பெட்டி. என் மனைவி போய்க் கேட்டாள். கோல்டு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், சில்வர் தீர்ந்துவிடும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டானாம். இது இன்று நேற்று வழக்கமில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோதும் சில்வரை எவனும் கடன் கொடுத்ததில்லை. ரப்பர் கொடுப்பான், அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைக் கொடுப்பான், சில்வர் என்றால் மூடியைச் சாத்திக்கொள்வான். கடைசியில் அவன் அம்மா தலையிட்டு, பத்து நிமிடத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வெள்ளி வந்தது. தேய்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். இதற்காகவா என் இளமைக் காலம் முழுவதும் ஏங்கினேன் என்று ஆகிவிட்டது.

“சாம்பல் கலர்தானே வேணும்? இந்தா” என்று அம்மா விபூதித் தட்டை நீட்டினாள். கேலியா கரிசனமா என்று என் அம்மாவிடம் கண்டுபிடிக்க முடியாது.

ஆறுதலுக்காகப் பழைய கதைகளைப் புரட்டினேன். நிஜமாகவே ஆறுதல் கிடைத்தது. 1962இல் ஹல்க் முதல் இதழில் வந்தபோது சாம்பல் நிறம். மட்டமான தாளில் அந்தக் காலத்து அச்சில் சாம்பல் ஒரே மாதிரி விழவில்லை, இடத்துக்கு இடம் ஒரு நிறம் காட்டியது. இரண்டாவது இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். இன்றைக்கு உலகமெல்லாம் பச்சைப் பூதமாகத் தெரிந்த ஆள் பச்சையானதற்கு விஞ்ஞானமோ தத்துவமோ காரணமில்லை, சாம்பல் நிறம் கழுத்தறுத்ததுதான் காரணம். அடுத்த வருடமே அயர்ன்மேன் வந்தார். அவரும் முதலில் சாம்பல்தான். அடுத்த இதழில் தங்க முலாம் பூசிக்கொண்டார். சம்பளத்துக்குக் கலர் போட ஆள் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனியே இரண்டு தடவை கையைத் தூக்கிய இடத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஓட்டோவுக்கும் தங்கக் கை போட்டுவிடலாமே என்றேன். பக்கத்து வீட்டில் கோல்டு தாராளமாகக் கிடைக்கிறது.

“கோல்டு நல்லவங்களுக்குப்பா.”

இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. ஆனால் பழைய காமிக்ஸ்களில் கிட்டத்தட்ட அப்படித்தான். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கடையில் நேராகக் கிடைக்கிற நிறமெல்லாம் நல்லவர்களுக்கு. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கலந்து எடுக்கிறதெல்லாம் கெட்டவர்களுக்கு. ஜோக்கர் ஊதாவும் பச்சையும். கிரீன் காப்ளின் பச்சையும் ஊதாவும். லெக்ஸ் லூதர் கவசம் மாட்டினால் அதுவும் பச்சையும் ஊதாவும். எல்லோரும் ஒரே ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியில் எடுத்த மாதிரி. ஹல்க் மட்டும் பச்சை உடம்பில் ஊதா பேன்ட் போட்டுக்கொண்டு நல்லவர் பட்டியலில் எப்படியோ நுழைந்துவிட்டான். பேன்ட் கிழிந்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார்கள்.

காரணம் சொல்கிறேன் என்றேன். வருகிறேன். நல்லவர்களிலும் பாதி இயந்திரம் உண்டு, அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். அயர்ன்மேன் நெஞ்சில் வைத்திருப்பதும் இயந்திரம்தான். 1980இல் டிசி காமிக்ஸில் வந்த விக்டர் ஸ்டோன் பெயரே சைபார்க், உடம்பில் பெரும்பகுதி உலோகம், ஆனாலும் ஹீரோ. கலர் அடித்துப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் புரியும். புது வீட்டில் கன்சீல்டு வயரிங் செய்வது போல நல்லவனின் இயந்திரம் எல்லாம் உள்ளே போய்விடும். வெளியே வழவழவென்று ஒரு தகடு, நடுவில் ஒரு வட்டம், முடிந்தது. கெட்டவன் என்றால் வாடகை வீடு. குழாய் வெளியே, வயர் வெளியே, ஜங்ஷன் பாக்ஸ் மூடி திறந்து தொங்கும். சூப்பர்மேன் செத்துப்போனதாகச் சொன்ன சமயத்தில், 1993இல், நான்தான் சூப்பர்மேன் என்று நான்கு பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவனுக்கு முகத்தில் பாதி சூப்பர்மேன், மீதி இரும்பு மண்டை ஓடு. அர்த்தநாரீஸ்வரர் கணக்கில் நடுவே ஒரு கோடு. அந்த இரும்புப் பாதியைப் பார்த்தவுடனே இவன்தான் போலி என்று எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும். மெட்ரோபோலிஸ் நகரத்துப் பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இவர்களுக்கு எப்படி இந்தக் கதி வந்தது என்று பாருங்கள். ஓட்டோ ஆக்டேவியஸ், ஆய்வகத்தில் விபத்து. அந்தப் போலி சூப்பர்மேனான ஹேங்க் ஹென்ஷா, விண்வெளிக்குப் போன இடத்தில் கதிர்வீச்சு. இரண்டு பேரும் டியூட்டியில் இருந்தவர்கள். 1959இல் வந்த மெட்டாலோ, கார் விபத்தில் நொறுங்கி மூளை மட்டும் இரும்பு உடம்புக்கு மாற்றப்பட்டவன். அவன் ஏற்கெனவே கொலைகாரன், அவனை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்கு நஷ்டஈடு என்று நயா பைசா கிடைத்ததா? அந்த ஆய்வகத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்த அதிகாரி யார் என்று ஒரு பத்திரிகையாவது கேட்டதா? பீட்டர் பார்க்கர் பத்திரிகைக்குத்தான் போட்டோ பிடிக்கிறான். அவனே ஸ்பைடர்மேனாகப் போய் உதைத்துவிட்டு, அதைத் தானே படம் எடுத்து விற்றுக் காசு பார்க்கிறான். அவனா கேட்பான்?

விக்டர் ஸ்டோனுக்கும் ஆய்வகத்தில்தான் விபத்து. ஆனால் அப்பா அங்கே விஞ்ஞானி. டோனி ஸ்டார்க் கம்பெனிக்கே முதலாளி. முதலாளி நெஞ்சில் மாட்டினால் ஹீரோ, விஞ்ஞானி மகன் மாட்டினால் ஹீரோ, சம்பளக்காரன் முதுகில் ஒட்டிக்கொண்டால் வில்லன். நான் சொல்ல வந்த காரணம் இதுவல்ல, அது வேறு. ஆனால் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வயிறு எரிவதற்கு வேறு காரணமும் உண்டு. நான் மூன்றாவது இரும்புக் கையில் இருந்தபோது மகள் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

“பாட்டி, உன் முட்டில இரும்பு வச்சிருக்காங்கல்ல? அப்ப நீயும் பேட் கையா?”

“கையில இல்லடி, கால்ல.”

“இல்ல பாட்டி, பேட் கை!”

“ஒரு கைக்கும் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. வேணும்னா காதைக் கொண்டா, திருகிக் காட்டறேன்.”

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. மால் வாசலில் அவள் நுழைந்தால் பீப் என்று கத்தும். காவலுக்கு நிற்கும் பெண் தடவிப் பார்க்க வரும்போது, “முட்டிம்மா, முட்டி. ரெண்டும் புதுசு” என்று நகை வாங்கியதைச் சொல்கிற தோரணையில் சொல்லுவாள். அப்பாவுக்குக் காதில் மெஷின். மாமனாருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். பல்லில் கேப், கண்ணில் லென்ஸ் என்று கணக்கெடுத்தால் எங்கள் குடும்பத்தில் அறுபதைத் தாண்டிய அத்தனை பேரும் கொஞ்சம் இயந்திரம் கலந்தவர்கள்தான். அவர்கள் யாரும் பேங்கைக் கொள்ளையடிக்கவில்லை. பென்ஷனுக்கு நாமினி பெயர் ஏறவில்லை என்று அங்கே போய் வரிசையில் நிற்கிறார்கள். சமயத்தில் அந்தக் கவுன்டர் முன்னால் நான் நிற்க நேரும்போது, யாருக்காவது நாலு இரும்புக் கை முளைத்தால் தேவலை என்று எனக்கே தோன்றும். அது வேறு கதை.

பாதி இரும்பான ஆளைக் குழந்தைக்குக் காட்டியே தீர வேண்டும் என்றால் நமக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இரும்புக்கை மாயாவி. ஆள் வெள்ளைக்காரர்தான். 1962இல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவர், லூயிஸ் கிராண்டேல் என்று பெயர். இருந்தாலும் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் நம்மவர். ஆய்வகத்தில் கையை இழந்தவர். (பார்த்தீர்களா, இங்கேயும் ஆய்வகம்.) இரும்புக் கை பொருத்திக்கொண்டார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஆரம்பத்தில் அவரும் கெட்டவர்தான், திருட்டும் மிரட்டலுமாகத் திரிந்தார். பிறகு திருந்தி உளவு வேலைக்குப் போய்விட்டார். மனிதனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள். ஓட்டோவுக்கு அப்படி ஒரு நல்ல மேனேஜர் வாய்க்கவில்லை.

எனக்கு வந்து சேர்ந்த மாயாவி புத்தகங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. என் அண்ணனும் நானும் அவற்றுக்குக் கலர் அடித்திருக்கிறோம். மாயாவி மறைந்திருக்கும் கட்டமாகப் பார்த்து அண்ணன் தனக்கு எடுத்துக்கொள்வான். கை ஒன்றுதான் வேலை. ஆள் முழுசாகக் கோட்டு, சூட்டு, டையோடு நிற்கும் கட்டமெல்லாம் என் தலையில் விழும்.

ஆகவே, கலரிங் புத்தகம் போடுகிற மகாஜனங்களே. வில்லன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதி இயந்திரமாகவே இருக்கட்டும். பிளக் பாயின்ட்டில் விரலை விட்டு மறைந்துபோன மாயாவியை முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். திருகாணிகளுக்கு நீங்களே கறுப்பு அடித்து அனுப்பிவிடுங்கள். நடுவில் ஒரே ஒரு கை இருக்கட்டும், அதை அந்தப் பாத்திரத் தண்ணீர் நிற சில்வரிலேயே நான் முடித்துவிடுகிறேன். மீதிப் பக்கத்தில் ஒயிட் தெரிகிறதே என்று மிஸ் கேட்டால், அங்கே ஆள் நிற்கிறார் மிஸ் என்று சொல்லச் சொல்லி அனுப்பிக்கொள்கிறேன்.